மஞ்சள் இலை வியாபாரம்

கறிவேப்பிலைச் செடியில் நாலு இலை மஞ்சளானால் போதும். சென்னை ஃபிளாட்டுகளில் உடனே ஒரு குட்டிச் சந்தை கூடிவிடுகிறது. முதலில் எப்சம் உப்பு வரும். அப்புறம் கடல்பாசி டானிக், பஞ்சகவ்யா, மண்புழு உரம். கடைசியாக 'எல்லாச் சத்தும் ஒன்றாக' என்று ஒரு பச்சை பாட்டில். மூணு மாசத்தில் செடி போய்ச் சேர்ந்திருக்கும், பாட்டில்கள் மட்டும் பால்கனி மூலையில் வரிசையாக நிற்கும். அந்த நேரம் பார்த்து பக்கத்து ஃபிளாட் மாமி தீர்ப்பு சொல்வார்: "உனக்குக் கைராசி இல்லடி."

கைராசியாவது ஒண்ணாவது! வீட்டுக்குள்ளும் பால்கனியிலும் வளரும் செடியின் இலை மஞ்சளாவதற்குப் பட்டினி காரணமாக இருப்பது குறைவு. தண்ணீர், தண்ணீரில் கரைந்து வரும் உப்பு, வெளிச்சம், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். சொல்லி அவருக்கு என்ன லாபம்? "தண்ணியைக் குறைங்க" என்பதை பாட்டிலில் அடைத்து எம்.ஆர்.பி. போட முடியாதே.

முதலில் தண்ணீர். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அதே அளவு காற்றும் வேண்டும். மண்ணில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில் நாள் முழுக்கத் தண்ணீரே நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுக ஆரம்பிக்கிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தொட்டி சொதசொதவென்று இருக்கும்போதே இலை வாடித் தொங்கும். பார்ப்பவர் "ஐயோ, தாகம்" என்று இன்னொரு சொம்பு ஊற்றுவார். செடியை அன்பாலேயே கொல்வது என்றால் இதுதான். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பார்க்க ஐந்து வினாடி ஆகாது. செலவு பூஜ்யம். ஆனால் அதைச் செய்பவர்களைவிட ஆன்லைனில் டானிக் ஆர்டர் போடுபவர்களே அதிகம்.

இதில் கோகோபீட் வேறு. மாடியில் பாரம் ஏறக்கூடாது என்று இப்போதெல்லாம் பாதித் தொட்டி அதுதான். அதன் மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெளுத்துவிடும், அடியில் ஈரம் அப்படியே கிடக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் ஊற்றுபவர் தினமும் ஏமாறுகிறார். சரியாகக் கழுவாத கோகோபீட்டாக இருந்தால் அதிலேயே உப்பும் இருக்கும்.

உப்பு என்றதும் ஆர்.ஓ. மெஷினுக்கு வந்துதான் ஆகவேண்டும். மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள் என்று ஊரெல்லாம் உபதேசம். நல்ல எண்ணம்தான், கணக்குதான் உதைக்கிறது. போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், 50 டி.டி.எஸ்ஸில் வெளியே வருகிறது. மீதி உப்பு எங்கே போகும்? கழித்துவிடும் இரண்டு லிட்டரில்தான். அதன் டி.டி.எஸ். ஏறக்குறைய 1,475. குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கதாக வைத்திருக்கும் அளவு 500. மனிதர்கள் தாங்கள் குடிக்கக் கூடாது என்று வடிகட்டியதைச் செடிக்குக் கொடுத்துவிட்டு, இலை நுனி ஏன் கருகுகிறது என்று யோசிக்கிறார்கள். தரை துடைக்க, கக்கூஸ் கழுவ அந்தத் தண்ணீர் பேஷாகப் போதும். பத்து அங்குலத் தொட்டியில் தினமும் ஊற்றினால், தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான். இலை ஓரமும் நுனியும் பழுப்பாகக் காய்ந்து, தொட்டியில் அந்த வெள்ளைப் பூச்சும் இருந்தால், வேறு சாட்சி தேவையில்லை. அதன்மேல் உரம் போடுவது உப்புக் காரியம். உரமும் ஒரு உப்புதானே! மழைத்தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஊற்றி, அடித்துளை வழியாக ஓடவிட்டு, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும். ஐப்பசி மழையில் தொட்டியை மொட்டை மாடியில் ஒரு நாள் வைத்தாலும் இதே வேலை இலவசமாக நடக்கும்.

சரி, சத்துக் குறைவே கிடையாதா? இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க செடியே அடையாளம் வைத்திருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் எல்லாம் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துத் துளிருக்கு அனுப்பிவிடும், அதனால் முதலில் மஞ்சளாவது அடி இலை. இரும்பும் கால்சியமும் அப்படி நகராது. அவை குறைந்தால் அடி படுவது துளிர். ஆக, மஞ்சள் எங்கே ஆரம்பித்தது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்காமல் மருந்து எழுதிக் கொடுக்கும் எவரையும் நம்ப வேண்டியதில்லை.

நம்ம ஊர் கறிவேப்பிலையில் அடிக்கடி பார்ப்பது இரண்டாவது வகை. துளிர் இலை வெளுத்த மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புப் பற்றாக்குறை. ஆனால் மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. போர் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் மண்ணைக் காரமாக்கிவிடுகிறது, அந்த மண்ணில் இரும்பு வேருக்கு எட்டாத வடிவத்தில் பூட்டிக்கொள்கிறது. பீரோவில் பணம் இருக்கிறது, சாவிதான் இல்லை. பாட்டிகள் புளித்த மோர் ஊற்றச் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, லேசான புளிப்பு மண் அதற்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் பாட்டி ஊற்றியது கிணற்றடியில் தரையில் நின்ற மரத்துக்கு. வாரம் ஒரு டம்ளர் மோரால் தினம் ஒரு சொம்பு போர் தண்ணீரோடு எவ்வளவு காலம் சண்டை போட முடியும்?

இப்போது எப்சம் உப்புக்கு வருவோம். இந்த வியாபாரத்தின் சூப்பர் ஸ்டார் அதுதான். அது மக்னீசியம் சல்பேட். அதில் தழைச்சத்தும் இல்லை, இரும்பும் இல்லை. அடி இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகும் மக்னீசியக் குறைவுக்கு மட்டும் அது மருந்து. வேடிக்கை என்னவென்றால், தண்ணீரின் கடினத்தன்மை என்று சொல்கிறோமே, அதுவே கால்சியமும் மக்னீசியமும்தான். கெய்சரில் வெள்ளைப் படலம் கட்டும் தண்ணீரை ஊற்றும் வீட்டில் செடிக்கு மக்னீசியத்துக்குப் பஞ்சம் வருவது அபூர்வம். அங்கேயும் மாசம் ஒரு ஸ்பூன் என்று போட்டுக்கொண்டே இருந்தால், கூடுதல் மக்னீசியம் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் வேர் எடுக்க விடாமல் தடுக்கும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துப் புது நோயை வரவழைப்பதற்குப் பெயர் தோட்டக்கலையா?

நியாயமாகச் சொன்னால், துளிர் மஞ்சளுக்குக் காசு கொடுத்து வாங்கத் தகுந்த ஒரு பொருள் உண்டு: செலேட் செய்த இரும்பு. அதிலும் கார மண்ணில் நிற்கக்கூடியது ஈ.டி.டி.எச்.ஏ. வகை. மலிவான ஈ.டி.டி.ஏ. அந்த மண்ணில் சீக்கிரமே பலன் இழந்துவிடும். இந்த வித்தியாசத்தைக் கடையில் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அந்தக் கடையைக் கும்பிடலாம்.

வெளிச்சம் பற்றி யாருமே பேசுவதில்லை. நடுப்பகல் நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். சாதாரண ஹாலுக்குள் சில நூறுதான். மனுஷக் கண் இருட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் "நல்ல வெளிச்சமாத்தானே இருக்கு" என்று தோன்றும். செடிக்கு அந்தச் சலுகை இல்லை. கொசுவலை, கிரில், அதற்கு அப்பால் எட்டடியில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் என்றிருக்கும் சமையலறை ஜன்னலில் நிற்கும் செடி நீண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு தூரமாகி வெளுத்துப் போகும். வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். ஆனால் ஊற்றுபவர் அதே அளவில் ஊற்றிக்கொண்டிருப்பார், அங்கே வேர் அழுகலும் சேர்ந்துகொள்ளும். இதற்கு எந்த டானிக் மருந்து?

இனி காசு. 2018-ல் மத்திய அரசு 45 கிலோ யூரியா மூட்டைக்கு வைத்த விலை 242 ரூபாய், வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் தனி. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அதாவது ஒரு கிலோ தழைச்சத்து சுமார் 12 ரூபாய். 300 ரூபாய்க்கு ஒரு லிட்டர் டானிக், அதில் 2 சதவீதம் தழைச்சத்து என்று வைத்துக்கொண்டால், இருப்பது 20 கிராம். கிலோ கணக்கில் 15,000 ரூபாய்! விவசாயிக்கான மூட்டை மானிய விலை என்பதால் ஒப்பீடு முழுக்கச் சரியில்லைதான். இருந்தாலும் மானியம் இந்த இடைவெளியில் ஒரு துளிதான். (இதைப் படித்துவிட்டு யாரும் தொட்டியில் ஸ்பூன் ஸ்பூனாக யூரியா போட்டு வேரைப் பொசுக்க வேண்டாம்.) உரம் என்று சொல்லி விற்றால் உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 வரும், சத்து விகிதத்தை அச்சிட வேண்டும். டானிக், பூஸ்டர், அமிர்தம் என்று பெயர் வைத்தால் தப்பிக்கலாம் என்பது பழைய உத்தி. 2021-ல் உயிர்த்தூண்டிகளையும் அந்த ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். ஆக, பின்பக்கம் சதவீதமே இல்லாத பாட்டிலை வாங்குபவர், பேலன்ஸ் ஷீட் பார்க்காமல் பங்கு வாங்குபவர்.

இயற்கைக் கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட். ஏற்கெனவே காரமான மண்ணில் அது லேசில் கரையாது. கரைந்தாலும் காரத்தைக் கூட்டும். பாலும் சர்க்கரையும் கலந்த டீத்தூளைத் தொட்டியில் கொட்டினால் வருவது பூஞ்சையும் குட்டிக் கொசுவும்.

"நாங்க போட்டோம், துளிர்த்ததே!" என்பார்கள். மார்கழி, தையில் கறிவேப்பிலை மந்தமாகி அடி இலையை உதிர்க்கும். வெயில் ஏறியதும் பங்குனியில் தானாகத் துளிர்க்கும். தையில் பாட்டில் வாங்கியவருக்குப் பங்குனியில் அதிசயம் நடக்கத்தானே செய்யும்? உண்மையிலேயே சோதிக்க வேண்டுமென்றால் இரண்டு தொட்டி வைத்து ஒன்றுக்கு மட்டும் ஊற்றிப் பார்க்கட்டும். விற்பவர்கள் அப்படி ஒரு படம் போடுவதே இல்லை.

இன்னொன்று. நர்சரிகளிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் விற்கும் அழகழகான பிளாஸ்டிக் தொட்டிகளைத் தூக்கி அடியைப் பாருங்கள். துளைக்கான வட்டக் குறி மட்டும் இருக்கும், துளை இருக்காது. ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காட்டிக் குத்தினால் ஒரு நிமிஷ வேலை. வீட்டுக்குக் கொண்டுபோகும் யாருக்கும் கடையில் இதைச் சொல்லி அனுப்புவதில்லை. ஆனால் பில் போடும் இடத்திலேயே எப்சம் உப்பு பாக்கெட் தொங்குகிறது.