தேய்ந்துபோன ஈற்றெழுத்து

மாணவர் ஒருவர் தம் ஆங்கிலக் கட்டுரையில் 'ஃபிரண்ட்லிலி' என்று எழுதிவிட்டார். வகுப்பே நகைத்ததாம். செய்தி ஆசிரியர் அறைக்கு எட்டியபோது நாமும் நகைத்தோம், அதனை ஒளிப்பதற்கில்லை. பின்னர் எண்ணிப் பார்க்குங்கால், அவர் செய்த பிழைதான் யாது என்னும் வினா நம்மை உறுத்தலாயிற்று.

பெயரடையோடு 'லி' சேர்ந்தால் வினையடையாகும் என்பதே பள்ளியில் அவர் கற்ற விதி. 'ஸ்லோ' என்பது 'ஸ்லோலி' ஆயிற்று. 'ஃபிரண்ட்லி'யும் பெயரடையே, ஆதலின் அதனோடும் 'லி' சேர்த்தார். விதியில் அவர் வழுவவில்லை. ஆங்கிலப் பேரகராதியும் அச்சொல்லுக்கு இடந்தந்துள்ளது. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் 'ஹோலிலி' என்னும் சொல்லாட்சி உண்டு. எனினும் 'லி' இரட்டித்து வருதலை இன்றைய ஆங்கிலச் செவி விரும்புவதில்லை. 'இன் எ ஃபிரண்ட்லி வே' என்று சுற்றி வளைத்தே சொல்வர்.

இவ்விடர்ப்பாடு எங்ஙனம் நேர்ந்தது? பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் ஈறு 'லிச்'. வினையடையின் ஈறு 'லிச்செ'. இறுதியில் நின்ற ஓர் உயிரே இரண்டையும் வேறுபடுத்திற்று. நாளடைவில் அவ்வுயிர் தேய்ந்தது. அதற்கு முன்நின்ற மெய்யும் உடன் மறைந்தது. ஈறுகள் இரண்டும் 'லி' என ஒன்றாயின.

தமிழறிந்தார்க்கு இது புதுமையன்று. 'செய்த' பெயரெச்சம், 'செய்து' வினையெச்சம், ஈற்றுயிர்தானே வேறுபாடு! 'அன்பான சொல்', 'அன்பாகச் சொன்னார்' என்பவற்றில் 'ஆன', 'ஆக' என்னும் ஈறுகள் தத்தம் பணியைத் தாமே அறிவிக்கின்றன. ஆங்கிலம் இழந்த அடையாளத்தைத் தமிழ் இன்றும் பேணி வருகிறது.

தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வருவோரிடம், ஆங்கிலம் கற்கத் தமிழிலக்கணத்தை மறக்க வேண்டும் என்று அறிவுரை கூறுவாருளர். நாம் இதற்கு உடன்படோம். எச்சம் இரண்டையும் தெளிந்த மாணவர்க்கு ஆங்கில அடைகளின் இயல்பு எளிதில் விளங்கும். மாறாக, ஆங்கில வழக்கு தமிழுக்குள் நுழைந்து, 'நட்பான முறையில் பேசினர்' என்று செய்தித்தாள்கள் எழுதும் நிலையும் வந்துவிட்டது. 'நட்பாகப் பேசினர்' என்றால் போதாதோ? 'லி' இரட்டிப்பதை அஞ்சி ஆங்கிலேயர் கொண்ட சுற்றுவழி நமக்கு எதற்கு?

அம்மாணவரை அழைத்து, 'லி'யை நீக்கினால் எஞ்சுவது யாது என்று பார்க்கச் சொன்னோம். 'ஃபிரண்ட்', 'காஸ்ட்', 'கவர்ட்' எனப் பெயர்ச்சொல் எஞ்சின், அது பெரும்பாலும் பெயரடை. 'ஸ்லோ', 'குவிக்' எனப் பெயரடை எஞ்சின், பெரும்பாலும் வினையடை. 'லோன்லி' போன்ற விலக்குகள் சில உள. அவர் தாமே ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினார். சிறிது நேரத்தில் நிமிர்ந்து, "ஐயா, 'டெய்லி' இரண்டு பக்கமும் நிற்கிறதே?" என்றார். ஆம், காலங்குறிக்கும் 'டெய்லி', 'வீக்லி' ஆகியன பெயருக்கும் வினைக்கும் பொதுவாயின. இதனை அவரே கண்டறிந்தார். நாம் சொல்லித் தரவில்லை.