தராசும் தாதியும்

சென்ற ஆண்டு ஒருநாள், அட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவின் வாயிலில் நின்று குழந்தைகளுக்கு நிறை பார்ப்பதைக் கண்டேன். கொழுந்துக் கூடையைத் திண்ணையோரம் இறக்கிவிட்டுத் தாய்மார் வரிசையில் நின்றனர். குழந்தை தராசில் தொங்கிற்று. பதிவேட்டில் ஒரு புள்ளி விழுந்தது. புள்ளி பச்சைப் பட்டைக்குக் கீழிறங்கியிருந்தால், "சத்துள்ள சாப்பாடு கொடுங்க, அம்மா" என்று ஒரு வார்த்தை. தாய் தலையை அசைத்தாள், மீண்டும் மலையேறினாள். அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. நிறுத்த பெண்மணியின் மீது எனக்கு யாதொரு குறையும் இல்லை. அவருக்கு அன்று வேறு தோட்டங்களும் காத்திருந்தன. ஆயினும், தலையசைத்த அத்தாய் மனத்துள் என்ன விடை சொல்லிக்கொண்டாள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

மலையகக் குழந்தைகள் வளர்ச்சி குன்றியிருப்பது எவருக்கும் தெரியாத செய்தியன்று. 2006-07இல் எடுக்கப்பட்ட குடிசன சுகாதார அளவீடு, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர் என்று காட்டிற்று. 2016இல் அத்தொகை ஏறத்தாழ 32 ஆயிற்று. நாடு முழுவதற்கும் அன்று கண்ட விகிதம் 17தான். எண்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பத்தாண்டில் எட்டுக் குறைந்ததே, அது எதனால் குறைந்தது, எஞ்சியது எதனால் குறையவில்லை என்று கேட்டால்தான் விழிக்க நேர்கிறது.

"கூலியை உயர்த்தினால் போதும், ஆராய்ச்சி எதற்கு?" என்பர் சில அன்பர்கள். கூலி உயரத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் ஒரே லயத்தில், ஒரே சம்பளத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில் ஒரு பிள்ளை தழைக்கிறது, ஒரு பிள்ளை வாடுகிறதே! 1990களின் தொடக்கத்தில் வியட்நாமிலே இக்கேள்வியைத்தான் கேட்டார்கள். வறுமைக்கிடையிலும் நன்றாக வளர்ந்த பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று பார்த்தபோது, அத்தாய்மார் வயலிற் பிடித்த சிறு இறாலையும் நண்டையும், வற்றாளைக் கீரையையும் சோற்றோடு சேர்த்து, சிறிது சிறிதாகப் பலமுறை ஊட்டியது தெரிந்தது. வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்த மருந்தன்று அது.

இதற்கும் முன்னர், 1930களில், இன்று கானா எனப்படும் நாட்டில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி, கை கால் வீங்கித் தோல் உரிந்து மடியும் குழந்தைகளைக் கண்டார். அவ்வூர்ப் பெண்கள் அந்நோய்க்குத் தம் கா மொழியில் 'குவாஷியோர்கர்' என்று பெயரிட்டிருந்தனர். அடுத்த குழந்தை வந்ததும் தாயின் மடியிலிருந்து விலக்கப்பட்ட மூத்த பிள்ளையைப் பற்றும் நோய் என்பது அதன் கருத்து. காரணத்திற் பாதி பெயரிலேயே அடங்கியிருந்தது. 1935இல் 'லான்செட்' இதழில் எழுதியபோது அப்பெயரையே அவர் தலைப்பில் வைத்தார். வாசகர் இதைப் படிக்கும்போது நம் மொழியிலுள்ள ஒரு சொல்லை நினைத்திருப்பர். சவலை! தம்பியோ தங்கையோ பிறந்ததால் பாலிழந்து மெலிந்த குழந்தையைத்தானே நம் பாட்டிமார் சவலைப்பிள்ளை என்றனர்? அச்சொல்லை அறிந்த மொழியில் எத்தனை தாதியர் ஆராய்கின்றனர்?

கேட்க வேண்டியவை ஏராளம். தாய்க்கு இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். அதை அவள் எதைக் குடித்து விழுங்குகிறாள்? ரொட்டியோடு சாயத் தேநீரை அருந்தினால், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தேநீர் தடுக்கும். தேயிலை பறிப்பவள் உடலில் தேயிலையே இவ்வாறு குறுக்கே நிற்பது கொடுமைதான். ஒரு பிள்ளைக்கென வரும் திரிபோஷாப் பொட்டலம் வீட்டில் எத்தனை வாய்க்குப் பங்காகிறது? புகைபோக்கியற்ற அடுப்பின் அருகே பிள்ளை எத்தனை நாழிகை கிடக்கிறது? காம்பராவில் விட்டுச்சென்ற கைக்குழந்தைக்குப் பாலூட்ட, தூரத்து மலையிலிருந்து தாய் இறங்கி வர முடிகிறதா? மழைநாளில்? வினாத்தாள் ஒன்றை நீட்டினால் இவற்றுக்கு உண்மையான விடை கிடைக்காது. அடுப்பங்கரையில் அமர்ந்து பேசத் தெரிந்தவளுக்கே கிடைக்கும்.

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டியது அவர்கள் வாய்மொழியாகக் கேட்டுத்தான். இலக்கியத்துக்கு நாம் ஏற்றுக்கொண்ட முறையைக் குழந்தை நலத்துக்கு ஏன் ஏற்கலாகாது?

பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் தாதியியலிற் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. மாணவியர் ஆய்வேடும் எழுதுகின்றனர், ஆனால் ஆங்கிலத்தில். அதைத் தவறென்று சொல்லவில்லை. உலகோர் படிக்க வேண்டுமே. ஆனால் தாய் சொன்னது ஆங்கிலமாகும்போது 'சவலை' எங்கோ உதிர்ந்துவிடுகிறது. இன்னொன்று: தோட்டத்துப் பெண்ணே தாதியாக வருவது அரிதாக இருக்கிறது. தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பாடத் தேர்ச்சியே நெடுங்காலம் வாயிலாக இருந்து வந்தது. தோட்டப் பாடசாலைகளோ, 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை, பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றவை. பின்னர் வளர்ந்த பாடசாலைகளிலும் விஞ்ஞான வகுப்பு எளிதில் வந்துவிடவில்லை. வாயில் அங்கே திறந்திருந்தது. அதை நோக்கிச் செல்லும் பாதை நம் பெண்களுக்கு இடப்படவில்லை.

ஆசிரிய அன்பர்களிடம் இதைத்தான் கேட்கிறேன்: மலையகத்தில் விஞ்ஞானம் படிக்க விரும்பும் மாணவியைக் கலைப் பிரிவுக்குத் திருப்பிவிடாதீர்கள். தாதியர் கல்வியை வகுப்போரிடம் கேட்பதும் பெரிதன்று. ஒவ்வொரு மாணவியும் மருத்துவமனை விடுதியிற் கழிக்கும் காலத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைக் காம்பராவிற் கழிக்கட்டும். ஒரு குழந்தையை ஓராண்டு தொடர்ந்து பார்த்து, தாய் சொன்னதைத் தாயின் சொல்லிலேயே முதலில் தமிழில் எழுதட்டும். குழந்தையின் பெயரை நீக்கி, அதன் ஒரு படியை அக்காம்பராவிலேயே வைக்கட்டும். அடுத்த மாதம் நிறை பார்க்க வரும் பெண்மணி, தராசை மாட்டுமுன் அதைப் புரட்டிப் பார்க்கலாம்.