டவுன் பஸ் நஷ்டம் என்பவர்களுக்கு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மெயின் ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் மம்சாபுரம் படுவதில்லை. கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் நேராகத் தொட்டுக்கொண்டு போய்விடுகிறது. மம்சாபுரம் அதற்கு மேற்கே, மலையைப் பார்த்த பக்கம் ஒதுங்கி இருக்கிறது. ரயில் நிலையம் அந்த இரண்டு ஊர்களிலும் உண்டு, இங்கே இல்லை. மதுரைக்கும் தென்காசிக்கும் பறக்கிற பஸ்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. சொந்த வண்டி இல்லாதவருக்கு ஊரைவிட்டு வெளியே போக டவுன் பஸ்தான் வழி.

அந்த டவுன் பஸ்ஸின் மீதுதான் இப்போது எல்லோருக்கும் கோபம். டீக்கடை பெஞ்சிலும் டிவி விவாதத்திலும் கேட்பது ஏறக்குறைய ஒரே பேச்சு. "பொம்பளைகளை ஓசியில ஏத்தியே போக்குவரத்துக் கழகத்தை மூழ்கடிச்சிட்டாங்க. சும்மா ஊர் சுத்துறதுக்கு அரசாங்கம் பஸ் விடணுமா? இப்ப வீட்டுக்கு வீடு பைக் நிக்குது. இந்த மாதிரி ஊருக்கு மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் போதும். லாபம் வர்ற ரூட்டை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தனியார்கிட்ட விட்டுட வேண்டியதுதானே?" பேசுகிறவர்களில் பாதிப் பேர் அந்த பஸ்ஸில் ஏறி வருடக்கணக்கில் ஆகியிருக்கும். அதற்காக அவர்கள் பேச்சைத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

ஓசிப் பயணம் கழகத்தை மூழ்கடித்தது என்ற வாதத்துக்குத் தேதியே பதில் சொல்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது 2021 மே 8-ம் தேதி. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2018 ஜனவரியில், நஷ்டத்தைத் தாங்க முடியவில்லை என்று சொல்லித்தான் பஸ் கட்டணத்தை ஏற்றினார்கள். மாநிலமே கொதித்து, சில நாட்களில் கொஞ்சம் குறைக்கவும் செய்தார்கள். ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் அகவிலைப்படிப் பாக்கி 2015 காலத்தில் தொடங்கிய கதை. அன்றைக்கு இதே பெண்கள் டிக்கெட் வாங்கித்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

இன்றும் அவர்கள் டிக்கெட் இல்லாமல் போகவில்லை. கண்டக்டர் கிழித்துத் தரும் ஒவ்வொரு மகளிர் டிக்கெட்டும் கணக்கில் ஏறுகிறது, அதற்கான தொகையை அரசு கழகங்களுக்குத் தருகிறது. 2024-25 பட்ஜெட்டில் இதற்கு 3,050 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், 2025-26-ல் 3,600 கோடி. டிக்கெட் காசைப் பயணிக்குப் பதிலாக அரசு கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பணம் முழுதாக வருகிறதா, உரிய நேரத்தில் வருகிறதா என்று கேட்டால் அது நல்ல கேள்வி. தொழிற்சங்கங்கள் கேட்டும் இருக்கின்றன. 2024 ஜனவரி 9-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, கழகங்களின் வரவுக்கும் செலவுக்கும் உள்ள இடைவெளியை அரசு ஏற்க வேண்டும் என்பது. பேச வேண்டிய இடம் அது. அதை விட்டுவிட்டுக் கூடையோடு ஏறுகிற அம்மாவை முறைப்பதில் என்ன பயன்?

நஷ்டக் கணக்கில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஒரு டிரிப்பை வெட்டினால் மிச்சமாவது டீசலும் டயர் தேய்மானமும்தான். டிரைவர், கண்டக்டர் சம்பளம், ஷெட் செலவு, கடனுக்கு வட்டி, பென்ஷன் எல்லாம் அப்படியே நிற்கும். அதே சுமையை இனிமேல் குறைந்த கிலோமீட்டர் தாங்க வேண்டும். ஆகவே கிலோமீட்டருக்கு இவ்வளவு நஷ்டம் என்கிற எண் கூடும். அடுத்த வருடம் அந்த எண்ணைக் காட்டியே இன்னொரு டிரிப்பை வெட்டலாம். இதற்குள், வருமோ வராதோ என்று நின்று அலுத்த பயணி தவணையில் ஒரு வண்டி எடுத்துவிடுவார். பிறகு பஸ் காலியாக ஓடும். காலியாக ஓடும் பஸ்ஸைப் படம் எடுத்து, பார்த்தீர்களா என்பார்கள்.

"சும்மா சுத்துறாங்க" என்பது அடுத்தது. இதைச் சொல்வது பெரும்பாலும் ஆண்கள். தாங்கள் டீக்கடைக்குப் போவதை அவர்கள் சுற்றுவதாக நினைப்பதில்லை. 2022-ல் ஓர் அமைச்சரே மேடையில் "ஓசி" என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். கோவையில் ஒரு மூதாட்டி ஓசி டிக்கெட் வேண்டாம், காசை வாங்கிக்கொள் என்று கண்டக்டரிடம் மல்லுக்கு நின்றதும் அப்போதுதான்.

மாநிலத் திட்டக்குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர் மாவட்டங்களில் நடத்திய ஆய்வில், இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரியவந்தது. தினமும் போய்த் திரும்புகிறவருக்குத்தான் அந்த அளவு மிச்சமாகும். பொழுதுபோகாமல் எப்போதாவது ஏறுகிறவருக்கு ஆகாது.

நம் பக்கம் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். ராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை பார்ப்பவர்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிக்குப் போகிறவர்கள், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்கள், கல்லூரி மாணவிகள், இரண்டு ஊர் அரசு மருத்துவமனைகளுக்கும் சுகர் மாத்திரை வாங்கப் போகும் பாட்டிகள். மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். வாய்தாவுக்கு வாய்தா அலைகிறவர்களும் இந்த பஸ்ஸில்தான் போகிறார்கள்.

மில் வேலையில் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி உண்டு. பல மில்கள் ஊர் ஊராகத் தங்கள் வேனை அனுப்பி ஆட்களை ஏற்றிக்கொள்கின்றன. வசதிதான். ஆனால் அந்த வேன் ஒரே ஒரு கேட்டுக்கு மட்டும் போகும். பக்கத்து மில்லில் நூறு ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று தெரிந்தாலும் அங்கே போய்ச்சேர வழி இல்லாத பெண்ணால் என்ன செய்ய முடியும்? ஷிப்ட் முடிந்தும் வேன் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். மேஸ்திரியோடு தகராறு வந்தால் மறுநாள் வேன் நிற்காமலும் போகலாம். டவுன் பஸ் எந்த மில்லுக்கும் சொந்தமில்லை. எங்கே வேலைக்குப் போவது என்பதைத் தானே முடிவு செய்யும் வாய்ப்பை அது ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிறது. கழகத்தின் வரவு-செலவு அறிக்கையில் இதற்கு ஒரு பத்தி கிடையாது.

பைக் வந்துவிட்டது என்பது உண்மை. வீட்டு வாசலில் நிற்கிற அந்த ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்புகிறவர் யார் என்று கேட்டால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். மாமியாருக்கும் பள்ளிக்கூடம் போகிற பேத்திக்கும் லைசென்ஸ் இல்லை. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கிறது, தவணை தனி. உயிர்க் கணக்கும் இருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் பைக்கில் ஏற்றுவதைச் சிக்கனம் என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணையும் அந்தக் கணக்கில் சேர்க்கட்டும்.

மினி பஸ் போதும் என்பவர்கள் அந்தத் திட்டத்தைச் சரியாகப் படிக்கவில்லை. 1997-ல் வந்தபோதும் சரி, 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிய வடிவில் தொடங்கியபோதும் சரி, மினி பஸ்ஸின் வேலை, பஸ்ஸே போகாத குக்கிராமத்திலிருந்து ஆட்களைப் பெரிய பஸ் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. புதிய விதிப்படி ஒரு வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் 65 சதவீதமாவது பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். பெரிய பஸ் இருக்கிறது என்று நம்பிப் போட்ட திட்டம் அது. பெரிய பஸ்ஸை எடுத்துவிட்டு மினி பஸ் விடுகிறேன் என்றால், கொண்டுவந்து எங்கே இறக்குவது? தவிரவும் அது தனியார் வண்டி. மகளிர் இலவசம் அதில் செல்லாது. ஷேர் ஆட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆள் நிரம்பாமல் அது நகராது.

கடைசி வாதம்தான் கனமானது. பஸ் ஒரு வியாபாரம், வியாபாரத்தைத் தெரிந்தவன் நடத்தட்டும் என்பது. இதைச் சொல்பவர்கள் டி.வி.எஸ். காலத்தைக் காட்டுவார்கள். டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912-ல் மதுரையில் தொடங்கிய பஸ் சேவை நேரம் தவறாமைக்குப் பெயர்போனது. பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட கதையை நம் தாத்தாக்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். மறுக்கவில்லை. 1972-ல் அரசுடைமை ஆகி மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தபோது ஒழுங்கில் கொஞ்சம் இழந்தோம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தனியார் முதலாளி எந்த ரூட்டைக் கேட்பார்? நெடுஞ்சாலையைக் கேட்பார். மலையடிவாரத்து ஊருக்கு ராத்திரி கடைசி டிரிப்பை, நாலு பேர் இருந்தாலும் ஓட்டியே ஆக வேண்டும் என்கிற கட்டாயத்தைக் கேட்டு வாங்க மாட்டார். அது அவர் தப்பில்லை, அவர் தொழில் அப்படி. மம்சாபுரம் பேரூராட்சியின் தெருவிளக்கு மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. டவுன் பஸ்ஸிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்?

பஸ் வெறும் வியாபாரம் இல்லை என்பதை மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கலாம். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது ரத்தத்தில் எழுதிக்காட்டிய பாடம். 1997-ல் இந்த மாவட்டத்துக்கென்று ஒரு போக்குவரத்துக் கழகம் அமைத்து அதற்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் படைத்தளபதி, தேவேந்திர குலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று வேறு சாதியினர் சிலர் எதிர்த்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு, ஒரு தலைவர் பெயரை மட்டும் எடுத்தால் பொல்லாப்பு என்று, மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அதே ஆண்டில் நீக்கியது. பாண்டியன், சேரன், சோழன், பல்லவன், கட்டபொம்மன் எல்லோரும் போனார்கள். இன்று பஸ்ஸின் பக்கவாட்டில் "அரசுப் போக்குவரத்துக் கழகம்" என்று மட்டும் இருப்பதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கதை.

ஒரு மளிகைக்கடைக்கு யார் பெயரை வைத்தாலும் பிடிக்காதவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பஸ் பெயருக்கு ஏன் அத்தனை ஆத்திரம்? எல்லோரும் ஏறியாக வேண்டிய, எல்லோருக்கும் சொந்தமான, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று யாரும் உத்தரவு போட முடியாத ஓரிடம் என்பதால்தான். காலனி ஸ்டாப்பில் நிற்க மாட்டேன் என்று அரசு பஸ் டிரைவர் சொன்னால் அவர் மேல் புகார் கொடுக்க ஷெட் மேனேஜர் இருக்கிறார், கலெக்டர் இருக்கிறார். தெரிந்தவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டிமேல் யாரிடம் புகார் கொடுப்பது? இந்தப் பக்கத்து ஊர்களில் டவுன் பஸ்ஸை எடுத்துவிடலாம் என்று பேசுகிறவர்கள், கூடவே எதை எடுக்கிறார்கள் என்று யோசித்துப் பேச வேண்டும்.

இத்தனை சொன்னாலும் கழகத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. டவுன் பஸ் மேல் சொல்லத்தக்க குறை ஒன்று உண்டு, விமர்சகர்கள் அதை மட்டும் சொல்வதில்லை: எப்போது வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆள் இல்லை என்று டிரிப் நின்றுபோகும், முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பெண்கள் கூட்டமாக நின்றால் ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்துகிறார்கள் என்ற புகார் மாநிலம் முழுக்க இருக்கிறது. ஆள் பற்றாக்குறை பல ஆண்டுகளாக வளர்ந்தது. 2025 மார்ச்சில் 3,274 டிரைவர், கண்டக்டர் பணியிடங்களுக்கு விண்ணப்பம் கேட்டபோதுதான் அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று வெளியே தெரிந்தது. இது திருத்தக்கூடிய குறை. நஷ்டம் என்ற பேச்சு இதைத் திருத்தாது, டிரிப்பை வெட்டுவதற்குக் காரணம்தான் தேடிக்கொடுக்கும்.

ஆகவே மம்சாபுரத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கள்கிழமைதோறும் விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மனு கொடுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்களின் நேர அட்டவணையை ஊர் ஸ்டாப்பில் எழுதி வைக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் எந்தெந்த டிரிப் ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்பதைப் பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும், ராத்திரி கடைசி டிரிப்பை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது என்று மூன்றே மூன்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு நேர அட்டவணையையும் ஓடாத டிரிப் விவரத்தையும் கழகத்திடம் கேளுங்கள்.