மீன் தொட்டிக்கு எத்தனை வாட்?

மார்கழிப் பனி விழத் தொடங்கியதும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மீன் வளர்க்கும் மாணவர்களுக்கு ஒரு கவலை பிறக்கும். மீன்கள் தொட்டியின் அடியில் ஒடுங்கி நிற்கும், தீனியைத் தொடாது. உடனே கடைக்கு ஓடுவோம். “பெரிய ஹீட்டரா வாங்கிக்க தம்பி, சீக்கிரம் சூடாகும்” என்பார் கடைக்காரர். இந்த யோசனையை நீங்கள் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

கணக்குப் போட்டே பார்ப்போமே! ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். 20 லிட்டர் தொட்டிக்கு 84,000 ஜூல். 25 வாட் ஹீட்டர் நொடிக்கு 25 ஜூல் தருவதால், வெப்ப இழப்பை விட்டுவிட்டால், ஒரு டிகிரி ஏற 56 நிமிடம் ஆகும். 100 வாட் ஹீட்டருக்கு 14 நிமிடம் போதும். கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த அவசரம் மீனுக்கு இல்லையே!

நமக்குத் தேவையான சூடுதான் எவ்வளவு? அறையில் 22 டிகிரி, தொட்டியில் 26 டிகிரி வேண்டும் என்று கொள்வோம். மூடியுள்ள 20 லிட்டர் கண்ணாடித் தொட்டி, அறையைவிட ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் சுமார் 4 வாட் வெப்பத்தை இழக்கும். நான்கு டிகிரிக்கு 16 வாட். ஆகவே 25 வாட் ஹீட்டரே தாராளம். அறையே 15 டிகிரியில் கிடக்கும் குளிர்நாட்டில் 50 வாட் கேட்பார்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு.

இனி, பலரும் நினைத்துப் பார்க்காத விஷயத்துக்கு வருவோம். ஹீட்டருக்குள் தெர்மோஸ்டாட் இருக்கிறது. பல ஹீட்டர்களில் இது, நீங்கள் பாடத்தில் படித்த ஈருலோகப் பட்டைதான். சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும்; ஆறியதும் மீண்டும் சேர்க்கும். ஒவ்வொரு முறையும் தொடுமுனையில் சிறு பொறி பறக்கும். நாளடைவில் முனைகள் ஒட்டிக்கொண்டு, துண்டிக்காமலே நின்றுவிடக் கூடும். அன்று பகலில் அறை 28 டிகிரி என்றால், 25 வாட் ஹீட்டர் நீரைச் சுமார் 34 டிகிரிவரை ஏற்றும். மீன் திணறும், எனினும் நீங்கள் பள்ளியிலிருந்து திரும்பும்வரை தாக்குப்பிடிக்க வாய்ப்புண்டு. 100 வாட் ஹீட்டரோ 50 டிகிரியை நோக்கிப் போகும். மீன் வெந்துவிடும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் 7.5 மட்டுமே.

ஹீட்டரின் திருகில் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள். ஒரகடத்தில் பிளாஸ்டிக் வார்க்கும் இயந்திரத்தில் வேலை பார்க்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே சூடேற்றும் பட்டை வேறு, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வேறு. அதுபோலத் தனி வெப்பமானி ஒன்றைத் தொட்டியின் மறுகோடியில் பொருத்துங்கள். திருகை 24-இல் வைத்து ஓர் இரவு விடுங்கள். காலையில் வெப்பமானியைப் பார்த்து, சிறிது திருப்பி, மறுபடி காத்திருங்கள். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். தண்ணீரில் கை விடுமுன் பிளக்கைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றிய பின்னும் கால் மணி நேரம் ஆறவிட்டு வெளியே எடுங்கள். சூட்டோடு எடுத்தால் கண்ணாடிக் குழாய் விரிசல் விடலாம்.

எல்லா மீனுக்கும் ஹீட்டர் வேண்டும் என்பதுமில்லை. தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. வரிக்குதிரை மீன் நம் கங்கைச் சமவெளி ஓடைகளுக்குச் சொந்தமானது. நம் ஊர்க் குளிரைப் பொருட்படுத்தாது. 28 டிகிரிக்குக் குறைந்தால் வாடுகிற டிஸ்கஸ் போன்றவற்றுக்கே ஹீட்டர் கட்டாயம். ஃபைட்டருக்கு இருந்தால் நல்லது.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது இப்பகுதியில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட இரவில் தொட்டியின் நான்கு பக்கமும் பழைய போர்வையைச் சுற்றுங்கள். சூடு மெல்லத்தான் இறங்கும். காற்றுப் பம்பு நின்றுபோவதே பெரிய ஆபத்து. குவளையால் நீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றுங்கள்.

மாசி முடிந்ததும் ஹீட்டரைக் கழற்றித் துடைத்து வைத்துவிடலாம். சித்திரையில் தகரக் கூரை வீட்டில் நீர் 32 டிகிரியைத் தாண்டும்போது, தொட்டி மூடியைத் திறந்து மின்விசிறியைத்தான் திருப்பிவிட வேண்டியிருக்கும்.