அங்கி கழன்றால் போதுமா?

பொம்மையார்பாளையம் கரையில் வலை இழுக்கும் தோழரைக் கேளுங்கள், ஊர்ப் பஞ்சாயத்து எதற்கென்று. வலைத் தகராறா, வாய்த் தகராறா, ஊர் கூடும், விசாரிக்கும், அபராதம் விதிக்கும். கொலை விழுந்துவிட்டால்? "அது காவல் நிலையத்துக்குப் போகவேண்டிய வழக்கு" என்பார். பள்ளிக்கூடம் பாராதவரும் அறிந்த எல்லைக்கோடு இது.

கத்தோலிக்கத் திருச்சபைக்கும் ஒரு பஞ்சாயத்து உண்டு. அதன் சட்டநூல் 1983-ல் வந்தது, விதிகள் 1752. குற்றமும் தண்டனையும் கூறும் ஆறாம் பகுதியைப் போப் பிரான்சிஸ் திருத்தினார். 2021 டிசம்பர் 8 முதல் அது நடப்புக்கு வந்தது.

புகார் வந்தால் முதலில் ஆயர் விசாரிப்பார். சிறார் மீதான பாலியல் குற்றமாயின் வாத்திகனுக்கு எழுதுவார். குருப்பட்டம் பறிபோகக்கூடிய வழக்கை மன்றத்தில் விசாரித்தால் மூன்று நீதிபதிகள் அமர்வர். மன்றமே கூடாமல் ஆணையால் முடியும் வழக்குகளும் உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வக்கீல் உண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை அவர் நிரபராதி என்றும் எழுதியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை நாம்.

ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு அங்கே என்ன இடம்? நட்டஈடு கேட்டாலன்றி அவள் வழக்காளி அல்ல, வெறும் சாட்சி. பெருந்தண்டனை எது? சபையைவிட்டு விலக்குவது, குருநிலையைவிட்டு நீக்குவது. சிறை கிடையாது. இத்தகைய வழக்குகளின் மீது போர்த்தியிருந்த இரகசியத் திரையை வாத்திகன் விலக்கியதே 2019 டிசம்பரில்தான்!

உதகை மறைமாவட்டத்துக் குரு ஒருவரின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றியபோது சிறுமியிடம் தகாத செயல் புரிந்தார் என்று வழக்கு. அவர் இந்தியா திரும்பிவிட்டார். 2010-ல் ஆயர் அவரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தார். 2012-ல் இங்கே கைது. 2014-ல் அமெரிக்காவிடம் ஒப்படைப்பு. 2015-ல் அந்நாட்டு நீதிமன்றத்தில் குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து வந்தார். 2016-ல் என்ன நடந்தது? வாத்திகனைக் கலந்துகொண்டு, விலக்கி வைத்த ஆணையையே நீக்கிவிட்டனர்!

கூண்டில் ஏற்றியது யார்? நாட்டுச் சட்டம். கதவைத் திறந்துவிட்டது யார்? கோயில் சட்டம்.

திருச்சபைத் தீர்ப்பாயம் தரும் மணமுறிவு நாட்டுச் சட்டத்துக்கு ஈடாகாது என்பதை 2017-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. தாலிக்கே அந்த விதி என்றால், குழந்தையின் மானத்துக்கு வேறு விதியா? சிறார் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே தீரவேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். ஆயருக்கு அதில் விலக்கில்லை, அர்ச்சகருக்கில்லை, முல்லாவுக்குமில்லை.

எந்த மதத்தின் மீதும் கல்லெறியவில்லை நாம். குருவின் அங்கியைக் கழற்றுவதும் மாட்டுவதும் அவர்கள் உரிமை. ஆனால் குற்றவாளியின் கைக்கு விலங்கிடுவது நாட்டின் கடமை. பாவமன்னிப்புக் கூண்டு வேறு, குற்றவாளிக் கூண்டு வேறு. பொம்மையார்பாளையத்து வலைக்காரர் அறிந்த எல்லையை, வாத்திகன் வரை படித்த பெரியவர்கள் அறியமாட்டார்களா?