காதல் யாருடைய சொந்த விஷயம்?

புனே நகரின் வடமேற்கில், முளா ஆற்றங்கரையில் அமைந்துள்ளது போபோடி. பழைய மும்பை நெடுஞ்சாலையில் ஹாரிஸ் பாலத்தைத் தாண்டினால் தாபோடி. இந்தப் பக்கம் கட்கி கன்டோன்மென்ட். 1869ஆம் ஆண்டு பிரிட்டிஷார் நிறுவிய கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையும், ராணுவ முகாமும், பின்னர் வந்த எஞ்சின் ஆலைகளும் இந்தப் பகுதிக்குப் பல மொழி பேசும் உழைப்பாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தன. அவர்களில் தமிழர்களும் உண்டு. மூன்று, நான்கு தலைமுறைகளாக மராத்தியும் தமிழும் கலந்து பேசி வாழும் குடும்பங்கள். பிள்ளைகள் மராத்திப் பள்ளியில் படிக்கிறார்கள், கணபதி ஊர்வலத்தில் ஆடுகிறார்கள், ஏப்ரல் 14 அன்று பாபாசாகேப் படத்திற்கு மாலையிடுகிறார்கள். எல்லாம் கலந்துவிட்டது. திருமணம் என்று வரும்போது மட்டும் சொந்த ஊர் நினைவுக்கு வருகிறது. சொந்த ஊர் என்றால் சொந்தச் சாதி. பெண் தேடும் பயணத்திற்கான ரயில் எப்போதும் தெற்கு நோக்கியே புறப்படுகிறது.

இத்தகைய பகுதிகளில் காதல் என்ற சொல் இரண்டு இடங்களில்தான் உரக்க ஒலிக்கிறது. ஒன்று திரையில், மற்றொன்று வீட்டுச் சண்டையில். திரையில் அது வெளிநாட்டுப் பனிமலையிலும் மழையிலும் நிகழ்கிறது. வீட்டுச் சண்டையில் அது குடும்ப மானத்தின் எதிரியாக நிற்கிறது. இவை இரண்டிற்கும் இடையே, ஓரறை வீட்டில், காலை நான்கு மணிக்குத் தண்ணீர் பிடித்து, ஒருவர் முதல் ஷிப்டிற்கும் மற்றவர் வீட்டு வேலைக்கும் கிளம்பும் வாழ்க்கையில் காதல் என்பது என்ன என்று கேட்பவர் குறைவு. இக்கேள்வியை இடதுசாரி இயக்கமும் போதிய அளவு கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

போபோடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், புனேயின் பழைய நகரப் பகுதியில்தான் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினர். அவர்களுடையது காதல் திருமணம் அல்ல. 1840இல் மணம் நடந்தபோது சாவித்திரிபாயின் வயது 9, ஜோதிராவின் வயது 13. அந்தக் காலத்துக் குழந்தைத் திருமணங்கள் பலவற்றைப் போன்றதுதான் அதுவும். ஆயினும் சாவித்திரிபாய் தம் கணவருக்கு எழுதிய மூன்று கடிதங்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. 1856, 1868, 1877 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. மூன்றிலும் வழக்கமான காதல் கடிதங்களில் நாம் எதிர்பார்க்கும் கொஞ்சல்கள் இல்லை. மூன்றும் வேலை அறிக்கைகள். தாழ்த்தப்பட்டோருக்குக் கல்வி தருவது குறித்து உறவினர் கூறிய குறையும் அதற்குத் தாம் தந்த பதிலும், பஞ்சத்தில் மக்கள் படும் துயரும், தோழர்கள் நடத்தும் நிவாரணப் பணியும்தான் அவற்றில் பேசப்படுகின்றன. ஒரு பெண் தன் துணைவரை உலகத்தை மாற்றும் வேலையில் தனக்குச் சமமான கூட்டாளியாகக் கருதி எழுதிய வரிகள் அவை. காதல் கடிதம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறெதுவும் எளிதில் கிடைக்காது.

அவற்றுள் 1868 ஆகஸ்ட் மாதம் சாத்தாரா பகுதியிலுள்ள நைகாவ் கிராமத்திலிருந்து எழுதப்பட்ட கடிதம் தனிக் கவனத்திற்குரியது. கணேஷ் என்ற பிராமண இளைஞர் ஊர் ஊராகச் சென்று பஞ்சாங்கம் பார்த்துப் பிழைத்து வந்தார். அவருக்கும் தீண்டப்படாதோர் எனப்பட்ட மகார் சமூகத்தைச் சேர்ந்த சார்ஜா என்ற பெண்ணுக்கும் காதல் மலர்ந்தது. அப்பெண் ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது செய்தி வெளியில் தெரிந்தது. ஊரார் இருவரையும் பிடித்து, அடித்து, தெருவெங்கும் இழுத்துச் சென்றனர். கொல்வதே அவர்களது நோக்கம். செய்தியறிந்த சாவித்திரிபாய் ஓடிச்சென்று இடையில் நின்றார். கொலை செய்தால் ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் என்ன தண்டனை கிடைக்கும் என்பதை எடுத்துரைத்து அக்கும்பலின் கையை நிறுத்தினார். இருவரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்பது ஊராரின் நிபந்தனை. அவர்களைப் புனேயிலிருக்கும் ஜோதிராவிடமே அனுப்பிவைத்தார் சாவித்திரிபாய். இந்தச் செய்தியைத் தெரிவிப்பதற்காக எழுதப்பட்டதே அக்கடிதம்.

ஒரு தம்பதியின் கடிதத்திற்குள் இன்னொரு இணையரின் உயிர் பயணம் செய்கிறது. வீட்டிற்கு இருவர் வருகிறார்கள், ஏற்பாடு செய்யுங்கள் என்று மனைவி எழுதுகிறார். கணவர் செய்வார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. இந்த நம்பிக்கைக்கும் காதல் என்றுதான் பெயர். கட்கியில் பீரங்கிக் குண்டு செய்யும் தொழிற்சாலை எழுந்ததற்கு முந்தைய ஆண்டில் இது நடந்தது.

கதைகள் காதலை எப்படிச் சொல்லி வந்திருக்கின்றன என்பதும் இவ்விடத்தில் பார்க்கத் தக்கது. மராத்திய மண்ணுக்கும் தமிழுக்கும் இதில் நெருங்கிய உறவு உண்டு. சாதவாகன அரசன் ஹாலன் தொகுத்ததாகச் சொல்லப்படும் காதா சப்தசதி, மகாராஷ்டிரப் பிராகிருதத்தில் அமைந்த எழுநூறு பாடல்களின் தொகுப்பு. அதன் மாந்தர் பெரும்பாலும் உழவரும் வேடரும் ஊர்ப்புறப் பெண்களும்தான். பல பாடல்கள் பெண்ணின் குரலில் பேசுகின்றன. நமது குறுந்தொகையோடு அதனை ஒப்பிட்டு ஆய்ந்தவர்கள் பலர். சங்க அகப்பாடல்களில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. பெயர் இல்லாதபோது குலமும் பின்னுக்குப் போகிறது. மகள் தன் விருப்பத்திற்குரியவனோடு சென்றுவிட்டபின் செவிலித்தாய் பாலை வழியில் தேடிச் செல்கிறாள். எதிரே வருவோர் அவளுக்கு ஆறுதல் கூறி, இது உலக இயல்பு என்று உணர்த்தித் திருப்பி அனுப்புகின்றனர். உடன்போக்கு என்றே அதற்கொரு துறை வகுத்திருக்கிறது நம் மரபு. பரத்தையர் வீட்டிற்குச் செல்லும் தலைவனையும் அதே இலக்கியம் மன்னித்துக்கொண்டிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை, அது சமத்துவ சமூகம் அல்ல. ஆனால் ஓடிப்போன மகளைத் தேடிச் செல்பவர் கையில் அன்று அரிவாள் இல்லை. தமிழ்ப் பண்பாட்டின் காவலர்களாகத் தம்மை அறிவித்துக்கொள்ளும் சாதிச் சங்கத் தலைவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் படிப்பதே இல்லை.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், கேமராவின் கண் முன்பாகத் தலித் இளைஞர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவரது மனைவி கௌசல்யா படுகாயங்களோடு உயிர் தப்பினார். ஒன்றரை மாதம் கழித்து, ஏப்ரல் 29 அன்று, மராத்தியில் ‘சைராட்’ திரைப்படம் வெளியானது. நாக்ராஜ் மஞ்சுளே இயக்கிய அந்தப் படம், நிலவுடைமை அரசியல்வாதியான பாட்டீலின் மகள் ஆர்ச்சிக்கும், மீன்பிடிக் குடும்பத்துப் பையன் பர்ஷியாவுக்கும் இடையேயான காதலைச் சொன்னது. நூறு கோடி ரூபாய் வசூலைக் கடந்த முதல் மராத்திப் படம் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. பாடல்களுக்காகத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் ஏராளம். ஆனால் அப்படத்தின் உயிர் முதல் பாதியில் இல்லை, பிற்பாதியில் இருக்கிறது.

இருவரும் ஐதராபாத்திற்குத் தப்பிச் செல்கிறார்கள். குடிசைப் பகுதியில் ஒரு சிறிய தகர அறை. பங்களாவில் வளர்ந்த பெண் பொதுக் கழிப்பறையின் நாற்றம் தாங்காமல் குமட்டுகிறாள். அவன் தோசைக் கடையில் வேலை செய்கிறான். அவள் பாட்டில் ஆலையில் வேலைக்குச் சேர்கிறாள், புதிய மொழி கற்கிறாள். சந்தேகம் வருகிறது, அவன் கை ஓங்குகிறான், அவள் வெளியேறுகிறாள், பின் திரும்பி வருகிறாள். சேமித்து, ஒரு வீடு பார்த்து, குழந்தை பெற்று, மெல்ல ஒரு வாழ்க்கை உருவாகிறது. பாட்டே இல்லாமல் நகரும் இந்தப் பகுதிதான் காதல் கதை. கூலி, வாடகை, தண்ணீர், சந்தேகம், மன்னிப்பு ஆகியவற்றின் ஊடே இருவர் ஒருவரையொருவர் கண்டுபிடிப்பதை மஞ்சுளே பொறுமையாகக் காட்டினார். இறுதியில் உறவினர்கள் அன்பளிப்புகளோடு வந்து கொன்றுவிட்டுச் செல்கிறார்கள். இரத்தத்தில் பதிந்த குழந்தையின் பாதச்சுவடுகளோடு படம் முடிகிறது. 2018இல் இதே கதையை இந்தியில் ‘தடக்’ என்று எடுத்தபோது சாதி கரைந்து போயிற்று, தகர அறையின் வெக்கையும் போயிற்று. எஞ்சியது பணக்கார வீட்டு அழகும் பாடல்களும். சந்தைக்கு வேண்டிய காதல் எது என்பதை அந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

தமிழ்த் திரைக்கும் இங்கே ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் துரத்தித் துரத்தி வழிக்குக் கொண்டுவருவதே காதல் என்று அரை நூற்றாண்டாகக் கற்பித்தது அது. மகள் விரும்பியதற்காகக் கொல்லும் தகப்பனும், ஒரு பெண் விரும்பாததற்காகக் கொல்லும் இளைஞனும் வேறு வேறு நபர்கள் அல்லர். பெண்ணின் விருப்பம் என்று ஒன்று இருப்பதையே இருவரும் ஏற்பதில்லை.

எங்கெல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றத்தை ஆராய்ந்தபோது, சொத்தின் கணக்குகள் திருமணத்தைத் தீர்மானிக்கும் வரை பரஸ்பர விருப்பம் முழு உரிமை பெறாது என்பதை விளக்கினார். இந்தியாவில் சொத்தோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பு குறித்து எழுதுகையில், கலப்பு மணமே உண்மையான மருந்து என்றும், சமபந்தி போஜனம் மட்டும் போதாது என்றும் வாதிட்டார். அதற்குப் பின் எண்பது ஆண்டுகள் நெருங்கும் வேளையில், 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 விழுக்காடு மட்டுமே. தொழிற்சாலை வந்தது, ரயில் வந்தது, போபோடிக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. முதலாளித்துவ வளர்ச்சி சாதியைத் தானாகக் கரைத்துவிடும் என்று காத்திருந்தவர்கள் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கரையாததற்குக் காரணமும் இருக்கிறது. நிலையான வேலையும் சொந்தக் கூரையும் இல்லாத இளைஞர்களுக்குக் குடும்பத்தையும் உறவுக்காரர்களையும் விட்டால் வேறு காப்பீடு இல்லை. கடன் வாங்குவதற்கும், வேலை தேடுவதற்கும், பிரசவத்திற்கும், பிணம் தூக்குவதற்கும் அவர்களே தேவை. அந்த வலையை அறுத்துக்கொண்டு வெளியேறுவது, ஊதியம் உறுதியாக இருப்பவருக்கே ஓரளவு சாத்தியம். ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாக ஒன்றிய அரசு துண்டாடியது. தொழிலாளர் சட்டங்கள் ஒப்பந்த முறைக்கு வழிவிட்டன. இந்த நடவடிக்கைகளை எதிர்த்துப் பேசும்போது, நிரந்தர வேலை பறிபோவது காதலிக்கும் உரிமையும் பறிபோவதாகும் என்று எந்தத் தொழிற்சங்க மேடையும் சொல்வதில்லை. சொன்னால் இளைஞர்கள் சற்று நிமிர்ந்து கேட்கக்கூடும்.

மறுபுறம் அரசே காவலாளியாக மாறுகிறது. மகாராஷ்டிர அரசு 2022 டிசம்பரில் கலப்புத் திருமணங்களைக் கண்காணிக்கக் குழு அமைத்தது. எதிர்ப்பு எழுந்ததும் சாதி கடந்த திருமணங்களை நீக்கிவிட்டு, மதம் கடந்த திருமணங்களை மட்டும் வைத்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில் ‘லவ் ஜிகாத்’ என்ற கற்பனைக்கு எதிராகச் சட்டம் இயற்றுவது பற்றி ஆராய, மாநிலக் காவல்துறைத் தலைவர் தலைமையில் ஏழு பேர் குழு நியமிக்கப்பட்டது. ஆணவக் கொலைகளைத் தடுப்பதற்கான வழிமுறைகளை 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்துத் தந்திருக்கிறது. சிறப்புப் பிரிவுகளும் பாதுகாப்பு இல்லங்களும் வேண்டும் என்கிறது அத்தீர்ப்பு. அதை நிறைவேற்றுவதில் இந்த வேகம் இல்லை.

தமிழ்நாட்டிலும் நிலைமை பெருமைப்படத் தக்கதாக இல்லை. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில், தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றிய தலித் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். இடதுசாரிகளும் தலித் இயக்கங்களும் பல்லாண்டுகளாகக் கோரிவரும் தனிச்சட்டம் குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அக்டோபரில்தான் அறிவிப்பு வந்தது. அதே திருநெல்வேலியில், சாதி கடந்த ஓர் இணையருக்குத் திருமணம் நடத்தி வைத்ததற்காக 2024 ஜூன் மாதம் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. கட்சி பின்வாங்கவில்லை. காதல் திருமணங்களுக்குக் கட்சி அலுவலகங்கள் திறந்திருக்கும் என்று மாநிலச் செயலாளர் பெ.சண்முகம் 2025 ஆகஸ்டில் அறிவித்தார். நைகாவில் சாவித்திரிபாய் செய்ததும் இதுதான்.

அலுவலகக் கதவு திறந்திருக்கிறது. வீட்டுக் கதவு? செங்கொடி பறக்கும் வீடுகளிலிருந்து வரும் திருமண அழைப்பிதழ்களைப் புரட்டிப் பார்த்தால் சங்கடம்தான் மிஞ்சும். புரோகிதர் இல்லை, தாலி இல்லை, தலைமை தாங்குவது மாவட்டச் செயலாளர், வாழ்த்துரை நீண்ட பட்டியல். மணமக்கள் மட்டும் ஒரே சாதி. பிள்ளைகளின் விருப்பம் அப்படி அமைந்துவிட்டது என்று விளக்கம் தரப்படுகிறது. இத்தனை குடும்பங்களில் விருப்பம் இவ்வளவு ஒழுங்காகச் சாதி எல்லைக்குள் அமைவது வியப்பிற்குரிய தற்செயல். காதல் தோழர்களின் தனிப்பட்ட விஷயம், அமைப்பு தலையிட முடியாது என்ற வாதமும் உண்டு. 1923இல் உழைக்கும் இளைஞர்களுக்கு எழுதிய அலெக்சாந்திரா கொலந்தாய், காதல் இருவருக்கு மட்டும் உரிய தனி விஷயம் அல்ல, சமூகத்தைப் பிணைக்கும் சக்தி அது என்றார். உள்நாட்டுப் போர் முடிந்து, பசி தீராத நாட்டில் நின்றுகொண்டு அவர் அதனை எழுதினார். இதைவிட முக்கியமான வேலைகள் இருக்கின்றன என்று அன்றும் சிலர் சொல்லியிருப்பார்கள்.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954இல் வந்தது. மதம், சாதி எதுவும் கேட்காத சட்டம். ஆனால் இருவரில் ஒருவரேனும் அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்தபின் அதை அலுவலகத்தில் ஒட்டிவைத்து மேலும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல எவரும் வரலாம். தேடி வருவோருக்கு முகவரியை அரசே எழுதிக் கொடுப்பது போன்றது இது. இந்த விதியை நீக்கக் கோரும் போராட்டம் நடக்கட்டும். அதுவரை, சோலாப்பூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஓடிவந்து கட்கி நிலையத்தில் இறங்கும் இருவருக்கு அந்த நாட்களில் தேவைப்படுவது ஒரு கூரை. பதிவு நாளன்று சட்டம் கேட்பது மூன்று சாட்சிகளின் கையெழுத்து. போபோடியின் ஓரறை வீட்டில் வாழும் கிளை உறுப்பினர், இடமில்லை என்று சொல்வதற்கு நியாயமான காரணம் உள்ளவர்தான். ஆயினும் நடுவில் ஒரு புடவையைத் திரைச்சீலையாகக் கட்டி, பாய் விரித்துக் கொடுப்பவர் அவராகத்தான் இருப்பார்.