விரலை நம்புவதா, பாஸ்வேர்டை நம்புவதா?

கற்பிட்டிப் பக்கமிருந்து கருவாடு எடுத்து கொழும்புக்கு அனுப்புகின்ற சகோதரர் ஒருவர் சென்ற மாதம் எனது கடைக்கு வந்தார். கையில் புத்தம்புது லெப்டொப். "நானா, இது விரல் வைத்தால் திறக்கும். இனிமேல் பாஸ்வேர்ட் என்ற தொல்லையே இல்லை" என்றார். எனக்குக் காட்டுவதற்காக விரலை வைத்தார். திறக்கவில்லை. சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். அப்போதும் இல்லை. கடைசியில் அது பின் இலக்கத்தைக் கேட்டது. 1234 என்று அடித்தார், உடனே திறந்துகொண்டது.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் போன பிறகு, இது சிரித்துவிட்டு விடக்கூடிய விடயமல்ல என்று தோன்றியது. ஒரு காலத்தில் கடன் கொப்பியை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வோம். இன்று யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு நாம் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றது. வங்கிக் கணக்குக்குப் போகும் வழியும் இதற்குள்ளேதான். ஆகவே பூட்டைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

முதலில் விரலுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுகின்றேன். நமது கடைகளில் பாஸ்வேர்ட் இருக்கின்ற லட்சணம் எல்லோருக்கும் தெரியும். கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும், அல்லது மூத்த பிள்ளையின் பெயர். அதையும் மறந்துவிடுவோம் என்று ஒரு துண்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைப்போம். சாமான் வாங்க வருகின்றவரும் அதைப் படித்துவிட்டுப் போகலாம். அதைவிட விரல் எவ்வளவோ மேல். பின்னால் நிற்கின்ற பையன் நாம் அடிப்பதைப் பார்த்து மனப்பாடம் செய்ய முடியாது. விரலை வீட்டில் மறந்துவிட்டு வரவும் முடியாது. ஐபிஎம் நிறுவனம் 2004 ஆம் ஆண்டிலேயே தனது திங்க்பேட் மடிக்கணினி ஒன்றில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. 2015 இல் விண்டோஸ் 10 வந்த பின்னர் இது சாதாரண விடயமாகிவிட்டது.

ஆனால் அந்தச் சகோதரரின் லெப்டொப் காட்டித் தந்ததைக் கவனியுங்கள். விரலைப் பதிய வேண்டுமானால் முதலில் பின் இலக்கம் ஒன்றை வைக்கும்படி விண்டோஸ் கேட்கும். விரல் சரிவராத போது அந்த இலக்கத்துக்கே திரும்பிவிடும். அதாவது விரல் ஒரு வாசல், பின் இலக்கம் இன்னொரு வாசல். முன் வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்துக்குத் தென்னோலைத் தட்டி வைத்தவனின் கதைதான் 1234.

விரலடையாளம் எதற்காகப் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1858 இல் வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற இடத்தில் வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, வீதி போடும் பொருள் வழங்கவிருந்த ஒரு வியாபாரியின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறத்தில் பதிப்பித்தார். பிற்பாடு "இது என் கையெழுத்தல்ல" என்று அவர் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். ஆக, ஆரம்பமே வியாபாரக் கொடுக்கல் வாங்கல்தான்! பின்னர் 1897 இல் கல்கத்தாவில் பொலிஸ் விரலடையாளப் பணியகம் ஆரம்பமானபோது, ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்தவர்கள் காஸி அஸீஸுல் ஹக் என்ற நம்மவரும் ஹேம் சந்திர போஸ் என்பவரும். பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி ஹென்றிக்குப் போய்ச் சேர்ந்தது. அது வேறு கதை.

"இவர் இன்னார்தான்" என்று காட்டத்தான் விரல் பயன்பட்டது. அதை யாரும் இரகசியமாக வைத்திருக்கவில்லை. வைத்திருக்கவும் முடியாது. தேத்தண்ணீர்க் கிளாஸில், மோட்டார் சைக்கிள் கண்ணாடியில், கடைக் கதவில் என்று நாள் முழுக்க அதை விட்டுவிட்டுத்தானே போகின்றோம்? 2002 இல் ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் மட்சுமோட்டோ என்ற பேராசிரியர், ஜெலட்டினால் விரல் செய்து பல இயந்திரங்களை ஏமாற்றிக் காட்டினார். இனிப்பு வாங்கும்போது ஹலாலா என்று உறையைப் புரட்டிப் பார்க்கின்றோமே, அதே ஜெலட்டின். 2018 இல் தெலுங்கானாவில் சிம் அட்டை விற்ற ஒருவர், காணிப் பத்திரங்களில் இருந்த பெருவிரல் அடையாளங்களைப் பிரதியெடுத்து மற்றவர்கள் பெயரில் சிம் பதிந்து பிடிபட்டார். 2023 இல் மைக்ரோசொப்ட் நிறுவனமே கேட்டுக்கொண்டதன் பேரில் ஆய்வாளர்கள் டெல், லெனோவோ, மைக்ரோசொப்ட் என மூன்று மடிக்கணினிகளைச் சோதித்தார்கள். மூன்றிலும் விரலடையாளத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். அதற்கு நிபுணத்துவமும் நேரமும் வேண்டும், நமது கடைக்கு அப்படிப்பட்டவன் வரப்போவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாஸ்வேர்ட் வெளியே போனால் மாற்றலாம். விரல் போனால்? 2015 இல் அமெரிக்க அரசாங்கத்தின் ஊழியர் பதிவேட்டிலிருந்து 56 இலட்சம் பேரின் விரலடையாளங்கள் களவு போயின. அவர்களுக்குப் புது விரல் யார் கொடுப்பார்? மடிக்கணினியில் விரலின் படம் அப்படியே வைக்கப்படுவதில்லை, அதன் கணக்கு மட்டும் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் என்பது ஓர் ஆறுதல்.

இனி நமது கரையோரத்துக் கைகளைப் பற்றி. புத்தளத்து உப்பளத்தில் வேலை செய்பவரின் விரலையும், உடுவையில் தேங்காய் உரிப்பவரின் விரலையும், மீன் கிழித்து உப்பிடும் பெண்களின் விரலையும் பிடித்துப் பாருங்கள். ரேகை தேய்ந்துபோயிருக்கும். இந்தியாவில் ஆதார் அட்டைக்கு விரல் பதியவில்லை என்று பங்கீட்டு அரிசி இல்லாமல் திரும்பிய உழைப்பாளிகள் பலர். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு விரல் எப்போதும் வேலை செய்யும். விரலை மட்டும் நம்பும் எந்த ஏற்பாட்டிலும் முதலில் வாசலில் நிற்கப்போவது நமது ஆட்கள்தான்.

என் வீட்டுக் கதையையும் மறைக்காமல் சொல்கின்றேன். எனது லெப்டொப்பின் பின் இலக்கம் கடைப் பையன் ஒருவனுக்குத் தெரிந்திருக்கின்றது. அதை வைத்துத் தனது விரலையும் அதில் பதிந்துவிட்டான். எனக்குச் சந்தேகம் வந்து பின் இலக்கத்தை மாற்றினேன், பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். இலக்கம் மாறினாலும் பதிந்த விரல் அப்படியே இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. அவன் களவு எதுவும் செய்யவில்லை, படம் பார்த்திருக்கின்றான், அவ்வளவுதான். பதிந்திருந்த விரல்களையெல்லாம் நீக்கிவிட்டு என்னுடையதை மட்டும் மறுபடி பதிந்தேன். பிறகு அவனுக்கென்று தனிக் கணக்கொன்றும் போட்டுக் கொடுத்தேன். நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது.

ஆனால் என்னை இதை எழுதவைத்தது வேறொரு சம்பவம். நமது பகுதியில் ஒரு வியாபாரி திடீரென்று மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவின்போது மகன்மார் வழமைபோல, வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று அறிவித்தார்கள். கணக்கு முழுவதும் லெப்டொப்பில். அது அவருடைய விரலுக்கு மட்டுமே திறக்கும். பின் இலக்கம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. குளிப்பாட்டுவதற்கு முன்னர் விரலை வைத்துப் பார்ப்போமா என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். மூத்த மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வைத்திருந்தாலும் பெரும்பாலும் திறந்திருக்காது. 2018 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பொலிஸார் இறந்தவரின் விரலைத் தொலைபேசியில் வைத்துப் பார்த்துத் தோற்றுப்போனார்கள்.

கடன் கொடுத்தவர்கள் துண்டோடு வந்தார்கள். அவருக்குத் தர வேண்டியவர்களில் வந்தவர்கள் சிலர்தான். துண்டில்லாமல் வந்து "வாப்பா எனக்கு இவ்வளவு தரவிருந்தார்" என்றவர்களுக்கு என்ன சொல்வதென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சொத்தைப் பங்கிடும் முன்னர் கடனைத் தீர்க்க வேண்டும், அந்தக் கடன் எவ்வளவு என்பதோ பூட்டிய பெட்டிக்குள். இப்போது சகோதரர்களுக்கிடையில் பேச்சு முன்போல் இல்லை.

அதனால் நான் இப்படிச் செய்திருக்கின்றேன். கடையில் விரல்தான், ஏனென்றால் நாளுக்கு இருபது தடவை திறக்க வேண்டும். பின் இலக்கத்தை எட்டு எண்ணாக மாற்றினேன். அதையும், லெப்டொப் திருத்தக் கொடுத்தால் சில வேளை கேட்கின்ற அந்த 48 இலக்க மீட்புத் திறப்பையும் கையால் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்தேன். என் மனைவிக்கும் மூத்த மகளுக்கும் மட்டும் தெரியும். மாத முடிவில் கடன் கணக்கை அச்செடுத்துப் பழைய கொப்பியிலும் ஒட்டிவிடுகின்றேன். மருமகன் சிரிக்கின்றார். சிரிக்கட்டும்.

கருவாட்டுக்காரச் சகோதரர் போன கிழமை மறுபடியும் வந்தார். 1234 ஐ மாற்றிவிட்டாராம். என்ன வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். வாசலில் நின்ற அவருடைய லொறியின் நம்பர்.